ஒத்திகை நேரமும் உழைப்பு நேரம்தான்: நடன ஆசிரியையின் பதில்கள்

நடனம் பற்றி வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் 22 ஆண்டுகளாகப் பரதநாட்டியமும் சமகால நடனமும் கற்பித்து வருகிறேன். மேடைக்குப் புதிய நடனங்களையும் அமைக்கிறேன். கடிதங்களை ஒருசேரப் படித்தபோது, கேட்டவர்கள் பலவிதமாகக் கேட்டிருந்தாலும், மேடையில் தெரிகிற சில நிமிடங்களுக்குப் பின்னால் நடப்பது என்ன என்பதையே பலரும் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அதனால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

என் மகளுக்கு வயது 17. பத்து ஆண்டுகள் பரதம் கற்று அரங்கேற்றமும் செய்துவிட்டாள். இப்போது சமகால நடனம் கற்கப் போகிறேன் என்கிறாள். இவ்வளவு காலம் கற்றது வீணாகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது, டீச்சர்.
– ஒரு தாயார், காஜாங்

அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஓர் அரங்கேற்றத்துக்குப் பின்னால் எத்தனை சனிக்கிழமைகளை நீங்கள் வகுப்பு வாசலில் காத்திருந்து கழித்திருப்பீர்கள், எத்தனை மாதச் சேமிப்பு நட்டுவாங்கத்துக்கும் பக்கவாத்தியத்துக்கும் மண்டபத்துக்கும் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கற்றது எதுவும் வீணாகாது. உடல் மறப்பதில்லை.

சமகால நடனம் என்பது பரதத்தை அப்புறப்படுத்திவிட்டு அதன் இடத்தில் வைக்கிற இன்னொரு அடவுத் தொகுப்பு, அதாவது அடிப்படை அசைவுகளின் தொகுப்பு, அல்ல. பரதத்தில் முழங்கால்களை இருபுறமும் மடக்கி அரைமண்டியில் அமர்ந்து, முதுகை நேராக நிறுத்தி, தரையைத் தட்டி எழுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் மூச்சை வெளியே விடும்போது வயிறும் முதுகும் உட்சுருங்குவதையும் மூச்சை இழுக்கும்போது அவை விரிவதையும் அடிப்படையாக வைத்து ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். அதே காலத்து டோரிஸ் ஹம்ப்ரி, உடல் நிலைகுலைந்து விழுவதையும் விழுந்து மீள்வதையும் நடனமாகக் கண்டார். பரதம் கற்ற பிள்ளைக்கு முதலில் கடினமாக இருப்பது இந்த விழுதல்தான்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பரதத்தில் நன்கு தேறிய மாணவி ஒருத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தரையில் சரியச் சொன்னேன். மூன்று முறை சரிந்தாள். மூன்று முறையும், தோள் தரையைத் தொடுகிற நொடியில் அவளுடைய வலக்கை தானாகப் பதாக முத்திரையாக விரிந்து, நான்கு விரல்களும் ஒட்டி நிற்க, கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொண்டது. அது நடந்தது அவளுக்கே தெரியவில்லை. நான் திருத்தவில்லை. நான்காம் முறை, அந்தக் கையைக் கவனித்துக்கொண்டே விழு என்று மட்டும் சொன்னேன். தரையில் கிடந்தபடி சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது, பிறகு மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கட்டைவிரல் விடுபட்டது. அந்தச் சில நொடிகளிலிருந்துதான் பிறகு ஒரு முழு நடனத்தை அமைத்தோம். பத்தாண்டுப் பரதம் இல்லாத கையில் அது நிகழ்ந்திருக்காது.

இந்த வழியில் நடந்தவர்கள் நமக்கு முன்னாலேயே இருக்கிறார்கள். சென்னையில் சந்திரலேகா 1985-இல் ‘அங்கிகா’ என்ற படைப்பில் பரதத்தின் உடலைக் களரிப்பயிற்றோடும் யோகத்தோடும் சேர்த்து வைத்து, நகையும் கதைப்பாத்திரங்களும் இல்லாமலே பரதம் நிற்கும் என்று காட்டினார். நம் நாட்டில் ரம்லி இப்ராஹிம் பாலே கற்று, சிட்னி நடனக் குழுவில் ஆடி, அடையாறு லட்சுமணனிடம் பரதமும் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் பயின்றவர். 1983-இல் அவர் தொடங்கிய சூத்ரா நடனக் குழு தித்திவங்சாவில் இன்றும் இயங்குகிறது. மலேசியாவில் பிறந்த மாவின் கூ பரதத்தையும் பாலேயையும் ஒரே உடலில் தாங்கி, லண்டனில் நடன அமைப்பாளர் அக்ரம் கானோடு பணியாற்றியவர். ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றை இவர்கள் கைவிடவில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அரங்கேற்றம் செய்த பிள்ளை முதல் ஆறு மாதத்துக்குத் தொடக்க மாணவியாக நிற்க வேண்டியிருக்கும், அது மனத்தை வருத்தும். அந்த நாள்களில் வீட்டுக்கு வந்து அழுதால், “அப்போதே சொன்னேனே” என்று மட்டும் சொல்லாதீர்கள். பரத வகுப்பையும் விட வேண்டாம். முதல் குருவிடம் நேரில் போய்ச் சொல்லி, ஆசி பெற்றுக்கொண்டு தொடங்கட்டும்.

ஐந்தாம் படிவம் முடித்துவிட்டேன். நடனத்தையே தொழிலாகக் கொள்ள ஆசை. ஒரு நடன அமைப்பாளரின் ஒரு நாள் எப்படி இருக்கும்? வருமானம் போதுமா?
– ஓர் இளைஞர், கிள்ளான்

தம்பி, நேராகவே பதில் சொல்கிறேன். என் நாளில் பெரும்பகுதி கற்பித்தலில் போகிறது, நடனம் அமைப்பது இரவில்தான் நடக்கிறது. காலையில் என் சொந்தப் பயிற்சி ஒன்றரை மணி நேரம். அதை விட்டுவிட்டால் மாணவருக்குச் செய்து காட்ட உடல் ஒத்துழைக்காது. பிறகு கடிதங்கள், மண்டப முன்பதிவு, நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்கள், ஆடைக்காரருக்கு அளவு. பிற்பகல் மூன்று மணிக்குமேல் பள்ளிப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். இரவு எட்டு மணிக்கு என் நடனக் கலைஞர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவர் வங்கியில் வேலை செய்கிறார், ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஒருவர் இயன்முறை மருத்துவ உதவியாளர். பகல் வேலையை முடித்து, ரயிலிலும் மோட்டார் சைக்கிளிலும் நெரிசலைக் கடந்து வந்து, படிக்கட்டில் அமர்ந்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு, 8 முதல் 10.30 வரை ஒத்திகை செய்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். அண்மையில் 20 நிமிட நடனம் ஒன்றை ஐந்து பேருக்கு அமைத்தேன். பத்து வாரம், வாரம் மூன்று இரவு, ஒவ்வோர் இரவும் இரண்டரை மணி நேரம் என்று ஒத்திகைக்கு 75 மணி நேரம் ஆயிற்று. ஐந்து நடனக் கலைஞர்களும் நானும் சேர்ந்து ஆறு பேர், ஆக மொத்தம் 450 மணி நேர உழைப்பு. இதில் நான் தனியே உட்கார்ந்து யோசித்த நேரம் சேரவில்லை. இசையமைப்பாளரின் நேரமும், ஒளியமைப்பாளர் அரங்கில் ஏணிமேல் நின்ற நேரமும் சேரவில்லை. நுழைவுச்சீட்டு விற்ற பணம் அரங்க வாடகைக்கும் ஒளி, ஒலிக்கும், மாநகர் மன்றத்தின் கேளிக்கை உரிமத்துக்கும், பயன்படுத்திய இசைக்கான உரிமத் தொகைக்கும் போனபின், நடனக் கலைஞர்களுக்குக் கொடுத்தது அவர்கள் உழைப்புக்கு ஈடாகவில்லை. ஒத்திகைக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன், ஆனாலும் போதவில்லை. அதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே வகுப்புதான் என் வீட்டை நடத்துகிறது. அதுவும் எப்போதும் உறுதியானது அல்ல. 2020 மார்ச் 18-இல் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மாடியைப் பூட்டினோம், வாடகை மட்டும் பூட்டப்படவில்லை. கைப்பேசித் திரையில் வகுப்பு எடுத்தேன். நான் தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசை இங்கிருந்து பன்னிரண்டு வீடுகளுக்குப் பன்னிரண்டு வேளையில் போய்ச் சேர்ந்ததால், பிள்ளைகளைச் சேர்ந்து ஆடவைக்க முடியவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆடச் சொல்லி, மற்றவர்களைக் கவனிக்கச் சொன்னேன். கவனிக்கக் கற்றுக்கொண்ட அந்தப் பிள்ளைகள்தான் இன்று என்னிடம் ஆடுகிறவர்களில் நுட்பமானவர்கள்.

உங்களுக்கு என் ஆலோசனை இது. தேசியக் கலை, பண்பாடு, மரபுக் கல்விக்கழகமான அஸ்வாராவில் நடனத்துக்கு டிப்ளோமாவும் பட்டப்படிப்பும் இருக்கின்றன. நேர்முகத் தேர்வில் ஆடிக் காட்ட வேண்டும். அங்கே மலாய் மரபு நடனங்கள், பரதம், சீன நடனம், பாலே, சமகால நடனம் எல்லாவற்றையும் ஒரே மாணவர் கற்கிறார். பல மொழிகளில் பேசுகிற அப்படிப்பட்ட உடல் வேறு எந்த நாட்டில் எளிதாக வாய்க்கும் என்று எனக்குத் தெரியவில்லை. படிக்கும்போதே கற்பிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். வேலை தொடங்கிய முதல் மாதமே, சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பதிந்துகொள்ளுங்கள். முதலில் வாடகைக்கார் ஓட்டுநர்களுக்காக வந்த அந்தத் திட்டம் பிறகு கலைத்துறைக்கும் விரிவாக்கப்பட்டது. கணுக்கால் முறிந்த பிறகு பதிந்து பயனில்லை.

எங்கள் ஆண்டு விழாவில் ஏழு நிமிட நடனத்துக்கு நீங்கள் கேட்ட தொகையைப் பார்த்துக் குழுவினர் திகைத்தார்கள். பிள்ளைகளுக்கு மேடை வாய்ப்புக் கிடைக்கிறதே, அது போதாதா?
– ஒரு சங்கத்தின் செயலாளர், கோலாலம்பூர்

ஐயா, மேலே உள்ள கணக்கு உங்களுக்கும் பொருந்தும். ஏழு நிமிடம் என்பது நீங்கள் பார்க்கிற நேரம். நாங்கள் உழைக்கிற நேரம் வேறு. பந்தல் போடுகிறவர், ஒலிபெருக்கிக்காரர், சமையல்காரர் யாருக்கும் “வாய்ப்பு” என்று சொல்லி நாம் பணத்தைக் குறைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாக் குழு, பேசிய தொகையைக் கொடுக்காமல், மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி நினைவுச் சின்னம் கொடுத்து அனுப்பியது. பன்னிரண்டு பேரின் வேன் வாடகையை நான் கையிலிருந்து கொடுத்தேன். அன்றுமுதல் பாதித் தொகையை முன்பணமாகப் பெற்ற பிறகே ஒத்திகை தொடங்குகிறேன். சங்கத்தின் நிதி குறைவு என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே அமைத்த நடனம் ஒன்றைக் குறைந்த செலவில் தருவேன், அல்லது மூன்று பேர் ஆடுகிற சிறிய நடனமாக மாற்றித் தருவேன். பேசினால் வழி உண்டு.

சமகால நடனத்தில் ஆடை உடலை ஒட்டியதாக இருக்கிறதே. நம் குடும்பங்களுக்கு அது பொருந்துமா?
– ஒரு தந்தை, ரவாங்

முதுகெலும்பு வளைவதை ஆசிரியர் பார்த்தால்தான் தவறைத் திருத்த முடியும் என்பதால் வகுப்பில் ஒட்டிய மேலாடை அணிகிறோம். முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை நீண்ட காற்சட்டையும் என் வகுப்பில் வழக்கம். மேடையாடையை ஆடுகிறவரின் சம்மதம் இல்லாமல் நான் முடிவு செய்ததில்லை. ஒருநாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பாருங்கள்.

நானும் பரத ஆசிரியைதான். என் மாணவிகளில் நால்வர் முழங்கால் வலி என்கிறார்கள். பயிற்சி போதாததால் வருகிற வலி என்று நினைத்து அரைமண்டியைக் கூட்டினேன். வலி அதிகமாகிவிட்டது.
– ஓர் ஆசிரியை, பினாங்கு

சகோதரி, தயவுசெய்து இன்றே அதை நிறுத்துங்கள். வலியோடு ஆடவைப்பது பயிற்சி ஆகாது. நானும் அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் முதல் சில ஆண்டுகள் கற்பித்தேன். அதற்கு விலையாக என் இடது முழங்கால் இன்றும் மழைக்காலத்தில் படிக்கட்டில் இறங்க மறுக்கிறது.

முதலில் தரையைப் பாருங்கள். சிமெண்டின்மேல் ஒட்டிய ஓடு, தட்டுகிற ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் திரும்பக் காலுக்கே அனுப்பிவிடும். மரச்சட்டங்களுக்கு அடியில் ரப்பர் வைத்து, மேலே பலகை பரப்பி, அதன்மேல் வினைல் விரிப்புப் போட்ட தரைதான் நல்லது. அதற்குச் செலவு ஆகும், நம் ஊர் ஈரப்பதத்தில் பலகை உப்பும், கரையானையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உடனே முடியாவிட்டால், குதிக்கிற அடவுகளைக் குறைத்து, தட்டுகிற விசையைப் பாதியாக்குங்கள்.

அடுத்தது பாதத்தின் திருப்பம். பாதங்கள் பக்கவாட்டில் திரும்பி நிற்பது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பிள்ளைகள் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, நின்றபடியே பாதத்தை வலிந்து திருப்பிவிடுகிறார்கள். அப்போது தொடை ஒரு பக்கமும் கணுக்கால் ஒரு பக்கமும் இழுக்க, நடுவில் முழங்கால் முறுக்கப்படுகிறது. சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அரைமண்டியில் நிற்கிற பிள்ளையின் முழங்காலுக்கு நேர் கீழே பாதத்தின் விரல்கள் இருக்கின்றனவா என்று மேலிருந்து பாருங்கள். முழங்கால் உள்ளே சாய்ந்து, பாதம் வெளியே போயிருந்தால், பாதத்தின் திருப்பத்தைக் குறையுங்கள். எல்லாருடைய இடுப்பெலும்பும் ஒரே மாதிரி அமைந்ததில்லை, சிலருக்குக் குறைவான திருப்பமே இயற்கை. பத்து முதல் பதினைந்து வயதுக்குள், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள புடைப்பில் தொட்டாலே வலித்தால், வளர்கிற எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருகிற வலியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். நால்வரும் திரும்பி வரும்வரை உட்கார்ந்து அபிநயமும் தாளமும் கற்கட்டும். அந்த வாரங்கள் வீணாகாது.

நான் அமைத்த நடனத்தை ஒருவர் காணொளியில் பார்த்து அப்படியே வேறொரு விழாவில் ஆடவைத்துவிட்டார். சட்டத்தில் எனக்கு உரிமை உண்டா?
– ஒரு நடன அமைப்பாளர், பெட்டாலிங் ஜெயா

உண்டு. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால் படைப்பு எழுத்திலோ பதிவிலோ ஏதேனும் ஒரு பருப்பொருள் வடிவில் இருக்க வேண்டும். உங்களிடம் காணொளி இருப்பது நல்லதாயிற்று. படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் இந்த உரிமை நீடிக்கும். பதிவு கட்டாயமில்லை. எனினும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தாமாக முன்வந்து அறிவித்து வைத்தால் பின்னால் சான்றாக உதவும். தட்டடவு, நாட்டடவு போன்ற அடிப்படை அடவுகள் யாருக்கும் சொந்தமல்ல. அவற்றைக் கோத்த விதம்தான் உங்களுடையது.

வழக்கறிஞரிடம் போகும் முன் அவரிடம் நேரில் பேசிப் பாருங்கள். நம் வட்டத்தில் பலர் இதைத் தவறு என்றே அறியாமல் செய்கிறார்கள், ஏனென்றால் நிகழ்ச்சி நிரலில் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் இருக்கும், நடனம் அமைத்தவர் பெயருக்கு இடமே இருப்பதில்லை. அந்தப் பெயரை அச்சிடச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

சமகால நடனம் கற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதன்முறையாகச் சொந்தமாக ஒரு நடனம் அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கலைஞர்கள் இல்லை. தாத்தா லோரி ஓட்டியவர், அப்பா தொழிற்சாலையில் வேலை செய்கிறார்.
– ஒரு மாணவி, பத்துமலை

அம்மா, உங்கள் கடைசி இரண்டு வரிகளைப் படித்தபோது, தொடங்குவதற்கான இடம் அங்கேயே இருப்பதாக எனக்குத் தோன்றியது.

என்னிடம் ஆடிய ஒரு பெண்ணின் பாட்டி, சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்குமேல் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நடனம் செய்யப் போகிறேன் என்று அந்தப் பெண் சொன்னபோது, முதலில் அவள் காட்டிய அசைவுகள் எல்லாம் நாம் பல மேடைகளில் பார்த்தவையே. குனிந்த முதுகு, நெற்றி வியர்வையைத் துடைக்கிற கை, வானத்தைப் பார்க்கிற சோகம். நான் அவளைப் பாட்டியிடம் அனுப்பி, “எப்படி வெட்டினீர்கள் என்று கேட்காதே, செய்து காட்டச் சொல்” என்றேன். பிறகு நானும் ஒருநாள் உடன் போனேன்.

வீட்டுத் தூணையே மரமாக வைத்து, சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பாட்டி எழுந்து நின்றார். உட்காரும்போதும் எழும்போதும் சுவரைப் பிடிக்கிறவர், கரண்டியைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிட்டார். அவருடைய மணிக்கட்டு அசையவே இல்லை. முழங்கால் சற்று மடங்க, கால்கள் சின்னச் சின்னதாகப் பக்கவாட்டில் நகர்ந்து தூணைச் சுற்றின. கத்தி சரிவாக இறங்கிய வேகத்திலேயே இடுப்பும் தோளும் கூடப் போயின. கண் மட்டும் ஒரே இடத்தில் இருந்தது. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம் என்று சொல்லிக்கொண்டே செய்தார். முடிந்ததும் இடக்கை தானாகக் கீழே போய், அங்கே இல்லாத, பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைச் சரியாக நிமிர்த்தி வைத்தது. அந்தக் கை என்னைக் கலங்க வைத்துவிட்டது.

அந்தப் பெண் முன்பு அமைத்த சோகத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டாள். மேடை நடுவில் ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி ஐந்து பேர் பக்கவாட்டில் நகர்கிற அசைவை எட்டு வாரம் ஒத்திகை பார்த்தோம். மணிக்கட்டை அசைக்காமல் உடலை நகர்த்துவது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அப்படியல்ல. ஏழாம் வாரம் பாட்டியை ஒத்திகைக்கு அழைத்து வந்தோம். இரண்டு மாடி ஏறி வந்து, நாற்காலியில் அமர்ந்து முழுவதையும் பார்த்துவிட்டு, ஒருத்தியைக் காட்டி, “அந்தப் பிள்ளை ரொம்ப ஆழமா வெட்டுது, மரம் செத்துப்போயிரும்” என்றார். அவள் கையில் கத்தி இல்லை, எதிரில் மரமும் இல்லை. பாட்டி சொன்னது சரி. அவள் தோளை அழுத்தி ஆடிக்கொண்டிருந்தாள். மறுநாள் இரவு முழுவதும் அந்த ஒன்றை மட்டும் திருத்தினோம்.

உங்கள் தாத்தா லோரியில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைத்தார், எந்தக் கையால் எதைப் பிடித்தார், நீண்ட பயணத்துக்குப் பின் இறங்கும்போது முதுகை எப்படி நிமிர்த்தினார் என்று ஒரு நாற்காலியைப் போட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள். இசையை இப்போது தேட வேண்டாம். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி, அவர் முன்னாலேயே நீங்களும் செய்து பாருங்கள். எங்கே தவறு என்று அவர் சொல்வார்.